புதிய பால் கிதாபு

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் மதரஸாத் திண்ணைக்கு வருவோரின் வினா மாறிவிடும். ஆண்டு முழுவதும் பாகப் பிரிவினைக்கும் மணவிலக்குக்கும் தீர்ப்புக் கேட்டு வருவோர், அந்த மாதத்தில் மட்டும் கையில் ஒரு மதிப்பெண் பட்டியலோடு வருவர். பின்னால் ஒரு பையன் தலை கவிழ்ந்து நிற்பான். “ஹஜரத், இவனுக்குக் கிடைக்குமா?” என்பார் தந்தை. எது கிடைக்குமா, எங்கே, எந்தப் படிப்பில் என்பதை அவர் சொல்வதில்லை. கேட்டால், “எல்லாந்தான், டாக்டருக்கு, இல்லாவிட்டால் ஐ.ஐ.டி.க்கு” என்பார். பையனின் முகத்தை அப்போது யாரும் பார்ப்பதில்லை.

இந்த வினாவை நான் முன்னரே கேட்டிருக்கிறேன். என் இளமையில் எங்கள் ஊரில் பால் கிதாபு பார்ப்பவர் ஒருவர் இருந்தார். இளைய தலைமுறைக்கு அச்சொல் தெரியாதிருக்கலாம். அது குறி பார்க்கும் ஏடு. காணாமற்போன ஆடு கிடைக்குமா, சபுராளி போனவன் திரும்புவானா, மகளுக்கு வரன் அமையுமா என்று கேட்டு மக்கள் அவரிடம் போவார்கள். கண்ணை மூடிக் கட்டங்களின்மேல் விரலை வைக்கச் சொல்வார். விரல் பட்ட எழுத்துக்கு எதிரே எழுதியிருப்பதைப் படிப்பார். படித்தவர் காணிக்கையைப் பெற்றுக்கொள்வார். கேட்டவர் நிறைவோடோ சுமையோடோ வீடு திரும்புவார். ஆட்டைப் பற்றி இருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதைவிடப் பெரிய கேடு ஒன்று அதில் இருந்தது. “கிடைக்கும்” என்று வந்தால் ஆடு தானே வந்துவிடும் என்று தேடமாட்டார்கள். “கிடைக்காது” என்று வந்தால் வீண் என்று தேடமாட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் ஆடு தேடப்படாமலே போகும்.

எங்கள் உஸ்தாதுமார்கள் அந்த வழக்கத்தை மிம்பரில் நின்று கண்டித்தார்கள். ஓரளவு ஒழித்தும் காட்டினார்கள். ஆனால் ஒழிந்தது என்று நாம் எண்ணிய பால் கிதாபு, இன்று கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்து திரும்பி வந்திருக்கிறது. கல்வி ஆலோசனை நிலையம் என்ற பலகையின் கீழ் அது அமர்ந்திருக்கிறது. கைப்பேசியில் மதிப்பெண்ணை இட்டால் தரவரிசையைச் சொல்லும் பொறியாக இருக்கிறது. பெருநாள் விருந்தில் பிரியாணிச் சஹனைச் சுற்றி அமர்ந்து, “இந்த மார்க்குக்கு ஒன்றும் நடக்காது” என்று தீர்ப்பளிக்கும் உறவினராகவும் இருக்கிறது. இவர்கள் அத்தனை பேர் மீதும் என் குற்றச்சாட்டு ஒன்றே: இவர்கள் பிள்ளையின் வாய்ப்பை மதிப்பிடவில்லை, குறி சொல்கிறார்கள். இந்தக் குற்றச்சாட்டில் என் பெயரும் அடங்கும். அதைப் பின்னர் சொல்வேன்.

குறியால் வந்த இரு கேடுகள்

நான் நேரில் அறிந்த இரண்டு குடும்பங்களை முதலில் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டா.

ஒரு பையன் கணிதத்தில் தேர்ந்தவன். பொறியியல் கலந்தாய்வுக்கு முன்னால் அவன் தந்தை பணம் கட்டி ஓர் ஆலோசகரிடம் அழைத்துச் சென்றார். அவர் மதிப்பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில், “அரசுக் கல்லூரி கனவு வேண்டாம், பட்டியலில் அவற்றைப் போட்டு இடத்தை வீணாக்காதீர்கள்” என்றார். அவர் எழுதிக் கொடுத்த ஐந்து தனியார் கல்லூரிகளை மட்டும் பையன் தன் விருப்பப் பட்டியலில் இட்டான். அவற்றுள் ஒன்று கிடைத்தது. கலந்தாய்வு முடிந்த பின் வெளிவந்த இறுதி மதிப்பெண் பட்டியலைப் பார்த்தபோது, அவன் விரும்பிய அரசுக் கல்லூரியில், அவன் விரும்பிய பிரிவில், அவனைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவனுக்கு இடம் கிடைத்திருந்தது. அவன் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்காததால் கிடைக்கவில்லை.

மற்றொருவர் கடைவீதியில் சிறு துணிக்கடை வைத்திருந்தவர். “உங்கள் மகனுக்கு மருத்துவம் உறுதி, ஓராண்டு எங்களிடம் விடுங்கள்” என்று ஒரு பயிற்சி நிலையத்தில் சொன்னார்கள். ஓராண்டு இரண்டாண்டாயிற்று. கடையின் பாதி கைமாறிற்று. மகனுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதைவிட, அவன் இன்று அத்தாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை என்பதே அந்த வீட்டின் துயரம். முதல் குடும்பத்தை “கிடைக்காது” கெடுத்தது. இரண்டாம் குடும்பத்தை “கிடைக்கும்” கெடுத்தது.

அறிவின் நான்கு படிகள்

மதரஸாவில் நாங்கள் கற்ற முதற் பாடங்களில் ஒன்று அறிவின் படிகளைப் பிரித்தறிவது. ஐயத்துக்கு இடமில்லாதது யகீன். முற்றும் உறுதியில்லை எனினும் சான்றுகள் ஒரு பக்கம் சாய்வது ளன்னு. இரு பக்கமும் சமமாக நிற்பது ஷக்கு. சான்று குறைந்த பக்கத்தைப் பற்றிக்கொண்டு மருளுவது வஹ்மு. ஒரு செய்தி எந்தப் படியில் நிற்கிறது என்று அறியாமல் தீர்ப்புச் சொல்லத் துணிபவன் ஆலிம் ஆகமாட்டான் என்று எங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது.

நம் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். எத்தனை இடங்கள், எத்தனை விழுக்காடு ஒதுக்கீடு, எந்தத் தேர்வு, எந்தச் சான்றிதழ் என்பவை யகீன். தேடினால் உறுதியாகத் தெரியும். கடந்த சில ஆண்டுகளில் அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவில் கடைசி இடம் எந்தத் தரவரிசையோடு முடிந்தது, நம் பிள்ளை எழுதிய பல மாதிரித் தேர்வுகளில் எங்கே நின்றான் என்பவை ளன்னு. சாய்வைக் காட்டும், உறுதியைத் தரா. தேர்வு நாளில் பிள்ளையின் உடல்நிலை, வினாத்தாளின் கடினம் ஆகியவை ஷக்கு. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்தது, நம் ஆட்களுக்குக் கொடுக்கமாட்டார்கள் என்பவையெல்லாம் வஹ்மு. நம் வீடுகளில் நடப்பது என்ன? யகீனை யாரும் தேடுவதில்லை; ளன்னைக் கணக்கிடுவதில்லை; வஹ்மை யகீனாக்கிப் பிள்ளையின் தலையில் கட்டிவிடுகிறோம்.

மதிப்பெண் வேறு, தரவரிசை வேறு

“அறுநூற்றைம்பது வாங்கினால் கிடைக்குமா?” என்று கேட்கிறார்கள். மதிப்பெண்ணை வைத்துக் குறி சொல்வோர் எவ்வளவு அறியாமையில் நிற்கிறார்கள் என்பதற்கு இரண்டு ஆண்டுகளே போதும். 2024ஆம் ஆண்டு நீட் தேர்வில், திருத்தப்பட்ட முடிவின்படி 17 பேர் 720க்கு 720 பெற்றனர். அவ்வாண்டில் 650 பெற்றவர் நாட்டின் தரவரிசையில் இருபதாயிரத்துக்கும் அப்பால் நின்றார். 2025ஆம் ஆண்டில் வினாத்தாள் கடினமாயிற்று. நாட்டிலேயே முதலாவதாக வந்தவர் பெற்றது 686. அவ்வாண்டில் 650ஐத் தாண்டியவர்கள் நூறு பேர்கூட இல்லை. அதே 650, ஓராண்டில் கூட்டத்தில் ஒருவர், மறு ஆண்டில் நாட்டின் முதல் நூற்றுவருள் ஒருவர்.

2025ஆம் ஆண்டுத் தேர்வு முடிந்த மாலையில், முந்திய ஆண்டின் மதிப்பெண் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை வீடுகளில் பிள்ளைகளைக் கடிந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விலை தெரியாத ஊரில் நேற்றைய சந்தை விலைக்குப் பண்டத்தை விற்றுவிட்டு வருபவனை நாம் வணிகன் என்போமா? மதிப்பெண் என்பது பண்டத்தின் எடை. தரவரிசை அன்றைய விலை. எடையை மட்டும் கேட்டு விலை சொல்பவன் சந்தையை அறியாதவன்.

தகுதி வேறு, இடம் வேறு

“எங்கள் நிலையத்தில் இத்தனை பேர் தகுதி பெற்றனர்” என்று சுவரெங்கும் விளம்பரங்கள். தகுதி என்ற சொல்லின் பொருளை நம் பெற்றோர் அறியாதிருப்பதே அந்த வணிகத்தின் முதலீடு. 2025இல் நீட் தேர்வை எழுதியவர் 22 இலட்சத்துக்கும் மேல். தகுதி பெற்றோர் என அறிவிக்கப்பட்டவர் 12 இலட்சத்துக்கும் மேல். நாடு முழுவதிலும் அரசும் தனியாரும் சேர்ந்து எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1,20,000. தகுதி பெற்ற பத்துப் பேரில் ஒருவருக்கே இடம். அந்த இடங்களிலும் அரசுக் கட்டணத்தில் படிக்கக்கூடியவை ஒரு பங்குதான். ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை 2024இல் எழுதியவர் 1,80,200 பேர், தேர்ச்சி பெற்றவர் 48,248 பேர், 23 ஐ.ஐ.டி.களிலும் இருந்த இடங்கள் 17,740.

நான் ஃபராயிள் என்னும் பாகப் பிரிவினைக் கணக்கைக் கற்பிப்பவன். ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பங்கு பிரிப்பதில் என் வாழ்நாளின் பாதி கழிந்தது. அந்தக் கணக்கின் முதல் விதி, பகுதி தெரியாமல் தொகுதியைச் சொல்லாதே என்பது. சொத்து எத்தனை பாகம் என்று தெரியாமல் “உனக்கு மூன்று” என்றால் அதற்குப் பொருள் உண்டா? பயிற்சி நிலையத்தின் விளம்பரப் பலகையில் இடம் பெற்ற முப்பது பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. அவ்வாண்டு பணம் கட்டிச் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்ற எண் இல்லை. அந்த எண்ணைக் கேளுங்கள். சொல்லமாட்டார்கள். சொல்லாத இடத்தில் கடையை விற்றுப் பணம் கட்டாதீர்கள்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அல்-குவாரிஸ்மி தம் இயற்கணித நூலின் பெரும் பகுதியைப் பாகப் பிரிவினைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். இன்று தரவரிசையைச் சொல்லும் பொறிகளின் உள்ளே ஓடும் கணக்கு முறைக்கு உலகம் வழங்கும் ‘அல்காரிதம்’ என்ற பெயரும் அவருடைய பெயரிலிருந்து வந்ததே. அவர் வழியில் கணக்கைக் கற்க வேண்டிய நாம், அவர் பெயரைத் தாங்கிய பொறியைக் குறி கேட்கப் பயன்படுத்துகிறோம்.

மூன்றரை விழுக்காடும் நம் அச்சமும்

நம் சமுதாயத்தில் இன்னொரு குறி புழங்குகிறது. “நமக்கு மூன்றரை விழுக்காடுதான்; அதில் என்ன கிடைக்கும்?” என்பது அது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்குரிய 30 விழுக்காட்டிலிருந்து 3.5 விழுக்காடு முஸ்லிம்களுக்கெனத் தனியே பிரித்தளிக்கப்பட்டது 2007இல். அதைப் பெற நம் தலைவர்கள் பட்ட பாடு சிறிதன்று. ஆனால் அந்த ஒதுக்கீடு எவ்வாறு இயங்குகிறது என்பதை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தவறாகவே விளங்கியிருக்கிறோம்.

ஆயிரம் இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 69 விழுக்காடு ஒதுக்கீடு போக மீதமுள்ள 310 இடங்கள் பொதுப் போட்டிக்குரியவை. அவை எந்தச் சாதிக்கும் சமயத்துக்கும் சொந்தமானவை அல்ல. தரவரிசையில் முந்தியவர் யாராயினும் அவருக்கு. நம் பிள்ளை அந்த வரிசைக்குள் வந்தால் அந்த 310இல் ஓர் இடம் அவனுக்கு. அவன் பெற்ற இடம் நமக்குரிய 35இல் கழிக்கப்படாது. பொதுப் போட்டி முடிந்த பிறகே அந்த 35 தொடங்குகிறது. ஆகவே முப்பத்தைந்து என்பது நம் வாசலின் தொடக்க எண். அதை முடிவெண்ணாகக் கொண்டு பிள்ளைகளை மிரட்டுவது அறியாமை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு முன்னுரிமை உண்டு. இது ஒவ்வொரு பிரிவுக்கு உள்ளேயும் வழங்கப்படுகிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைக்கு இந்த இரண்டும் சேர்ந்து அமைகின்றன. இதை அறிந்த அத்தாமார் எத்தனை பேர்?

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மாநில ஒதுக்கீடு ஐ.ஐ.டி.க்கும் பிற ஒன்றிய அரசு நிறுவனங்களுக்கும் செல்லாது. அங்கே இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு உண்டு. அதற்கான பட்டியல் வேறு, சான்றிதழ் வேறு, வருமான வரம்பு வேறு. மாநிலச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு “நம்மிடம் எல்லாம் இருக்கிறது” என்று அமைதியாக இருந்து, கடைசி நாளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடும் குடும்பங்களை ஆண்டுதோறும் காண்கிறேன். இது யகீனாகத் தெரிந்துகொள்ளக்கூடிய செய்தி. இதில் குறி கேட்க என்ன இருக்கிறது?

2006இல் வெளிவந்த நீதிபதி இராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை, நாட்டின் முதன்மைக் கல்லூரிகளில் இளநிலை மாணவர் இருபத்தைவரில் ஒருவரே முஸ்லிம் என்று கூறியது. அதை நம் மேடைகளில் ஆயிரம் முறை படித்துவிட்டோம். படித்த தொனியோ, “இது நம் தலையெழுத்து” என்பதாகவே இருந்தது. அந்த அறிக்கையை முழுமையாகப் படித்தவர், நம் பிள்ளைகள் வழியில் விழுவது பள்ளிப் பருவத்திலேயே என்பதைக் கண்டிருப்பார். வாசலுக்கு வந்தவர் தடுக்கப்பட்ட கதையைவிட, வாசலுக்கே வராதவர்களின் கதை அதில் பெரிது. அதைக் குறியாக்கி, வாசல்வரை வந்து நிற்கும் பிள்ளையிடமும் “திரும்பிப் போ” என்கிறோம்.

என் குற்றம்

இனி என் பங்கைச் சொல்கிறேன். மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவில் படித்தாள். சிறுமியாக என்னிடம் ஓதியவள். ஒவ்வொரு மாதமும் பிறை தெரிந்த நாளையும், கதிரவன் மறைந்த நேரத்தையும், பிறை மறைந்த நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பாள். ஒரு நாள் என்னிடம் வந்து, “ஹஜரத், மேற்கே இருக்கிற ஊர்க்காரர்களுக்குச் சில மாதம் நமக்கு முந்திப் பிறை தெரிவது ஏன்?” என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மறுநாள் அதைவிடச் சரியான விடையை அவளே கணக்கிட்டுக் கொண்டுவந்து காட்டினாள்.

அவ்வாண்டு மே மாதத்தில் அவள் அத்தா என் திண்ணைக்கு வந்தார். நீட் மாதிரித் தேர்வுகளின் மதிப்பெண்களை நீட்டி, “இவளுக்குக் கிடைக்குமா?” என்றார். நான் பார்த்தேன். முந்திய ஆண்டு எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்கு இடம் கிடைத்த மதிப்பெண் நினைவுக்கு வந்தது. “சிரமந்தான்” என்றேன். ஒரே சொல். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். “ஹஜரத்தே சொல்லிவிட்டார்” என்பது அந்த வீட்டில் இறுதிச் சொல்லாயிற்று. ஊருக்கு அருகிலிருந்த பெண்கள் கல்லூரியில் அறிவியல் பிரிவுகள் இல்லை, வணிகவியல் இருந்தது. அவளை அதில் சேர்த்தார்கள்.

நான் சொன்னது பொய்யன்று. அந்த மதிப்பெண்ணுக்கு மருத்துவம் அரிதுதான். ஆனால் அந்தப் பிள்ளை மருத்துவம் கேட்டாளா? வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நான் மருத்துவமனையின் கதவைக் காட்டி, அது மூடியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். திருவனந்தபுரத்தில் 2008இலும் திருப்பதியில் 2015இலும் தொடங்கப்பட்ட ‘ஐசர்’ என்னும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களை நான் அன்று அறியேன். நாட்டில் அத்தகையவை ஏழு இருப்பதையும், ஐந்தாண்டு அறிவியல் படிப்புக்கு அவை தனித் தேர்வு நடத்துவதையும், அத்தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்குக்கும் சம இடம் உண்டு என்பதையும் பின்னரே அறிந்தேன். புவனேசுவரத்தின் ‘நைசர்’, பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், நம் சென்னைக்கு அருகே சிறுசேரியில் உள்ள கணிதவியல் கழகம் ஆகியவற்றின் பெயர்களும் அன்று என் நாவில் வரவில்லை. இவற்றுள் சிலவற்றின் விண்ணப்பக் காலம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருமுன்பே பெரும்பாலும் முடிந்துவிடும். மே மாதத்தில் திண்ணைக்கு வந்து கேட்டால் அறிந்தவர்கூட உதவ முடியாது.

இவற்றிலெல்லாம் அவளுக்கு இடம் கிடைத்திருக்குமா? நான் சொல்லமாட்டேன், சொன்னால் மீண்டும் குறி சொன்னவனாவேன். அவள் முயன்று பார்க்கும் உரிமையை என் ஒரு சொல் பறித்தது என்பதை மட்டும் சொல்வேன். ரமளான் பிறை பார்க்கும் மாலைகளில் அவளிடமிருந்து இன்றும் எனக்குக் கைப்பேசியில் செய்தி வருகிறது: இன்று பிறையின் வயது இத்தனை மணி, மறையும் நேரம் இது என்று. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனிகிறது.

நம் பெற்றோர் இதை நன்கு உள்ளத்தில் இருத்த வேண்டும். அறிவியலில் ஈடுபாடுள்ள பிள்ளை என்றால் மருத்துவன், அல்லது பொறியாளன் என்ற இரண்டு கதவுகளை மட்டும் நாம் அறிவோம். அந்த இரண்டுக்கும் தகாதவன் அறிவியலுக்கே தகாதவன் என்று முடிவு கட்டுகிறோம். பெண்பிள்ளையாயின் அந்த முடிவு இன்னும் விரைவாக வருகிறது. அது நமக்கு வசதியாகவும் இருக்கிறது. வெளியூர் விடுதிக்கு அனுப்பும் தயக்கத்தை நேராகச் சொல்ல மனமில்லாதவர்கள், “கிடைக்காதாம்” என்ற குறியின் பின்னே ஒளிந்துகொள்கிறார்கள்.

மெய்யான மதிப்பீடு எது?

“அப்படியானால் மதிப்பிடவே கூடாதா? வீண் நம்பிக்கை கொடுப்பது பாவமில்லையா?” என்று சிலர் கேட்பர். மதிப்பிடத்தான் வேண்டும். நம் மரைக்காயர் முன்னோர் பருவக்காற்றின் திசையையும் மாதத்தையும் கணித்த பின்னரே பாய் விரித்தார்கள். கணக்குப் பார்ப்பது தவக்குலுக்கு முரண் என்று அவர்கள் கருதவில்லை. காற்றைக் கணிக்காமல் கடலில் இறங்கியவனைப் பேதை என்றார்கள். மதிப்பீடு அத்தகையதாக இருக்கட்டும்.

முதலில் வினாவைத் திருத்துங்கள். “கிடைக்குமா” என்பது வினாவே அன்று. இந்தக் கல்லூரியில், இந்தப் படிப்பில், இந்தப் பிரிவினருக்கு, கடந்த மூன்றாண்டுகளில் கடைசி இடம் எந்தத் தரவரிசையோடு முடிந்தது என்பது வினா. அதற்கு விடை கலந்தாய்வு நடத்துவோரின் அதிகாரப்பூர்வப் பட்டியல்களிலேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

அடுத்து, பிள்ளையின் நிலையை ஒரு தேர்வை வைத்து முடிவு செய்யாதீர்கள். நேரக் கணக்கோடு எழுதிய பத்து மாதிரித் தேர்வுகளை எடுங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்குங்கள். மீதமுள்ளவை எந்த எல்லைக்குள் அலைகின்றன என்று பாருங்கள். அந்த எல்லைதான் உங்கள் பிள்ளையின் இன்றைய நிலை. உயர்ந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்வதும், தாழ்ந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை வதைப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

பிறகு இடங்களை மூன்றாக வகுங்கள்: எட்டிப் பிடிக்க வேண்டியவை, கைக்கு எட்டக்கூடியவை, கையிலிருப்பவை. மூன்றிலும் பெயர்கள் இருக்கட்டும். முதல் வகை மட்டும் வைத்திருப்பவன் சூதாடி. மூன்றாம் வகை மட்டும் வைத்திருப்பவன் கோழை.

இனி நான் சொல்வதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் இதனாலேயே பல பிள்ளைகள் இழந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்விலும் ஐ.ஐ.டி. கலந்தாய்விலும் விருப்பப் பட்டியல் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகிறது. உங்கள் பிள்ளையின் தரவரிசைக்கு மேலே கிடைக்காவிடில் அடுத்ததற்குச் செல்லும். மேலே ஒரு பெரிய கல்லூரியை எழுதியதற்காகக் கீழே உள்ளதை இழக்கமாட்டான். ஆகவே வாய்ப்பை அஞ்சி வரிசையை மாற்றாதீர்கள்; விருப்பம் எந்த வரிசையில் உள்ளதோ அந்த வரிசையில் எழுதுங்கள். “கிடைக்காததை எழுதி ஏன் வீணாக்க வேண்டும்” என்பவர் அந்த முறை இயங்கும் விதத்தை அறியாதவர், அல்லது உங்களை ஒரு குறிப்பிட்ட கல்லூரிக்கு அனுப்புவதில் ஆதாயம் உடையவர்.

இத்தனைக்குப் பின்னும் நம் கைக்கு எட்டாத ஒரு பகுதி எஞ்சும். பொறியியல் கலந்தாய்வில் விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் சமவாய்ப்பு எண் ஒன்று வழங்கப்படுகிறது. கட்-ஆஃப், பாட மதிப்பெண்கள், பிறந்த நாள் எல்லாம் இருவருக்கு ஒன்றாகவே அமைந்துவிட்டால் அந்த எண்ணே முடிவு செய்யும். நம் கணக்கு நிற்க வேண்டிய எல்லை அது. அந்த எல்லைவரை கணக்கிடுவது நம் கடமை. அதற்கு அப்பாலுள்ளதை முன்கூட்டியே சொல்லத் துணிவதுதான் பால் கிதாபு.

ஓராண்டு காத்திருந்து மீண்டும் எழுதலாமா என்ற வினாவும் இதே அளவுகோலுக்கு உட்பட்டது. ஐ.ஐ.டி. தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எழுத முடியாது. மருத்துவத்தில், நீட் வந்த பின் மீண்டும் எழுதிச் சேர்ந்தவர்களின் பங்கு பெருகியதை நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தமிழக அரசுக்கு அளித்த அறிக்கை எடுத்துக்காட்டியது. பணம் உள்ளவன் காத்திருப்பான், இல்லாதவன் விலகுவான் என்ற அநீதி அதில் உண்டு. அதற்கு எதிரான போராட்டம் தனியே நடக்கட்டும். நம் வீட்டில் கேட்க வேண்டியது, பிள்ளையின் மாதிரித் தேர்வு எல்லை மாதந்தோறும் உயர்கிறதா என்பதே. உயர்ந்தால் ஓராண்டு முதலீடு. ஒரே இடத்தில் நின்றால் அது பிள்ளையின் இளமையைக் கொண்டு நாம் ஆடும் ஆட்டம்.

சமுதாயப் பெருமக்களே!

வாணியம்பாடியில் 1919இல் கல்லூரி கண்டவர்களும், திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியையும் சென்னையில் புதுக் கல்லூரியையும் 1951இல் தொடங்கியவர்களும், “நம் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா?” என்று எவரிடமும் போய்க் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கதவு இல்லாத இடத்தில் கதவை அமைத்தார்கள். நாம் அமைக்கப்பட்ட கதவுகள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலைக்கூடப் பிள்ளைகளின் கையில் கொடுக்கவில்லை.

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் செய்யக்கூடியது ஒன்று உண்டு; பெருஞ்செலவு ஆகாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த பின் பாராட்டுக் கூட்டம் நடத்திப் பொன்னாடை போர்த்துகிறோம். அந்தக் கூட்டத்தைப் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்துக்கு மாற்றுவோம். எந்தெந்தத் தேர்வுகள், எந்த மாதத்தில் விண்ணப்பம், எந்தச் சான்றிதழ், சென்ற ஆண்டுகளின் கடைசித் தரவரிசைகள் எவை என்று ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டிலும் கொடுப்போம். நம் ஊரில் கல்லூரி ஆசிரியரும் மருத்துவரும் பொறியாளரும் இருக்கிறார்கள். ஒரு மாலைப்பொழுது பள்ளிவாசல் மண்டபத்தில் மேசை போட்டு அமரச் சொல்வோம். தாய்மார்களும் பெண்பிள்ளைகளும் வந்து கேட்க வசதி செய்வோம். அந்த மேசைக்கு ஒரே ஒரு விதி: “கிடைக்கும்”, “கிடைக்காது” என்ற இரண்டு சொற்களும் அங்கே சொல்லப்படலாகாது.

சென்ற மே மாதமும் ஒருவர் என் திண்ணைக்கு வந்தார். கையில் மதிப்பெண் பட்டியல், பின்னால் மகன். “ஹஜரத், இவனுக்குக் கிடைக்குமா?” என்றார். பட்டியலை வாங்கி மடித்துப் பக்கத்தில் வைத்தேன். பையனை அருகே அமரச் சொல்லி, “தம்பி, உனக்கு எதைப் படிக்கப் பிடிக்கும்?” என்று கேட்டேன். அவன் அத்தாவைப் பார்த்தான். அத்தா என்னைப் பார்த்தார். அந்த வினாவை அவனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வெகுநேரம் கழித்து, “வேதியியல்” என்றான். “சரி, இனிக் கணக்குப் பார்ப்போம்” என்று தாளை விரித்தேன்.